மறுப்பதற்கு நான் சொன்ன சொல்

என் மருமகன் தோற்ற சண்டையைப் பற்றி ஊரில் இன்னும் கதைக்கிறார்கள். கண்ணூறு பட்டுவிட்டது என்பார்கள் சிலர். கொழும்பில் காசு வாங்கிக்கொண்டு விழுந்துவிட்டார் என்று சொல்பவர்களும் உண்டு. பள்ளிவாசலுக்கு வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது இவற்றை நான் கேட்டிருக்கிறேன். திருத்த முயன்றதில்லை. திருத்துவதென்றால் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் செய்வதற்கு இப்போதுதான் ஓரளவு மனம் வந்திருக்கிறது.

எங்கள் கரையோரத்தில் பெண்பிள்ளை வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் வந்து சேருவார். சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை சுமந்துகொண்டிருந்தவர் ஒன்பது வருடங்களுக்கு முன் என் ஒரே மகளை மணந்து கல்முனையில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசல் நிலையில் தலை முட்டாமலிருக்கக் குனிந்தே உள்ளே வருவார். குத்துச்சண்டையில், ஹெவிவெயிட் என்று எல்லோரும் சொல்லும் பாரமான பிரிவில் அப்போதே இரண்டு போட்டிகளில் வென்றிருந்தார். என்னுடன் அதிகம் கதைக்க மாட்டார். நான் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார். அவருடைய கதையெல்லாம் என் மனைவியுடன்தான். குசினியில் தரையில் அமர்ந்து சாப்பிட்டபடி, ஒவ்வொரு சண்டையையும் அவருக்கு நடித்துக் காட்டுவார்.

“குறுக்கால ஒண்டு வந்திச்சி மாமி. நான் காணல்ல.”

“காணாம நீங்க என்ன மகன், வெத்திலையா போட்டுக்கிட்டு நிண்டீங்க?”

இருவரும் சிரிப்பது என் மேசை வரை கேட்கும்.

நான் ஆங்கில ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். அதன் பின் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளனாகக் காணி உறுதிகளையும் சான்றிதழ்களையும் மூன்று மொழிகளுக்கிடையில் மாற்றிக் கொடுத்து வருகிறேன். ஒரு சொல்லுக்குப் பதிலாக அதன் அண்டை வீட்டுச் சொல்லை வைத்தால் ஒருவரின் காணி இன்னொருவரின் காணியாகிவிடும் என்பதை அறிந்தவன். எழுத்தில் இவ்வளவு கவனமாக இருந்த நான், வீட்டு வாசலுக்கு வந்தவர்களிடம் ஒரு தடவையேனும் ‘முடியாது’ என்று சொன்னதில்லை. யார் என்ன கேட்டாலும் “இன்ஷா அல்லாஹ், பாப்பம்” என்பேன். இறைவன் நாடினால் பார்க்கலாம். நாளை செய்வேன் என்று சொல்பவர் இதைச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதற்காக எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட வார்த்தை அது. ஆனால் எங்கள் ஊரில் அதன் பின்னால் ஒரு ‘பாப்பம்’ வந்தால், அந்தக் காரியம் நடக்காது என்று பொருள். கேட்டவருக்கும் அது தெரியும். முகம் முறியாமல் எழுந்து போவார்.

சிலர் போகமாட்டார்கள். அப்போது திரைக்கு உள்ளிருந்து என் மனைவியின் குரல் வரும். “அது சரிவராது தம்பி. நீங்க வேற ஆளப் பாருங்க.” அதில் கோபமும் இருக்காது, மன்னிப்பும் இருக்காது. வந்தவர் அதை ஏற்றுக்கொண்டு, தேநீரையும் குடித்துவிட்டுப் போவார். இப்படியாக எனக்கு இளகிய மனிதர் என்ற பெயரும் அவருக்கு நேர்ப்பேச்சுக்காரி என்ற பெயரும் கிடைத்தன. நாற்பத்தொரு வருடங்களாக எங்கள் வீட்டின் மறுப்புகள் அனைத்தையும் அவரே சொன்னார். அது ஒரு வேலை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

சலரோகம் நீண்ட காலம் அலைக்கழித்த பின் அவர் மௌத்தானார். அவரைச் சுமந்த சந்தூக்கின் முன்பக்கத்தை மருமகன் பிடித்தார். அவருடைய உயரத்துக்கு நிமிர்ந்து நடந்தால் மற்றவர்களின் பக்கம் சரிந்துவிடும். ஆகவே அடக்கம் செய்யும் மையவாடி வரை முழங்காலை மடித்தபடியே நடந்தார். நான் பின்னால் நடந்தேன். அந்த நாளில் எனக்குத் தெளிவாக நினைவிருப்பது அவருடைய அந்த நடை மட்டுமே.

அதற்குப் பிறகு அவர் கடற்கரையில் ஓடப் போகவில்லை. ஆலையிலிருந்து வருவார், குளிப்பார், குசினி வாசலில் சற்று நிற்பார், பிறகு படுத்துவிடுவார். அவரைப் பழக்குபவர் காரைதீவைச் சேர்ந்த, முன்னாள் உடற்கல்வி ஆசிரியர். ஒரு நாள் சைக்கிளில் வந்து வெளியிலேயே நின்று என்னிடம் சொன்னார்:

“சேர், மூண்டு கிழமையா ஆள் கடக்கரைப் பக்கமே இல்ல. நான் ஏசவும் ஏலாது. தாயை இழந்த பிள்ளை மாதிரி இரிக்காரு. ஆனா இப்படியே போனா மேடையில மூச்சு நிக்கும்.”

மேடை என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. தெற்கிலே ஒரு சாம்பியன் இருந்தான். பாரமான பிரிவில் அவனையும் என் மருமகனையும் மோதவிட வேண்டும் என்று ஒரு வருடமாகவே பேச்சு. அவன் தன் கைப்பேசியில் பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்பும் காணொளிகளில் மருமகனை ‘அரிசி மூட்டை’ என்று அழைப்பான். ஒரு மூட்டையைத் தொங்கவிட்டு அதைக் குத்திக் காட்டுவான். மகளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. மருமகனோ, “மூட்டைய எனக்குத்தானே தெரியும். ஐம்பது கிலோ மூட்டைய அப்பிடியா கட்டித் தூக்குற? அவிண்டு விழும்” என்பார்.

அந்தப் போட்டியை நடத்த நினைத்த கொழும்பு ஏற்பாட்டாளர், நாற்பதாம் நாள் கத்தம் ஓதுவதற்கு ஒரு கிழமை இருக்கும்போது எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார். அன்று காலை மருமகன் என் மேசைக்கு வந்தார். நின்றபடியே கதைத்தார்.

“மாமா, அவர் இண்டைக்கு வாறாராம். இப்ப எனக்கு ஏலாது. உடம்பும் இல்ல, மனமும் இல்ல. நீங்க சொல்லிருங்க.”

“உங்களுக்குச் சிங்களம் வருமே. நீங்களே சொல்லலாம்.”

“ஆலையில கதைக்கிற சிங்களம் மாமா அது. மூத்தவர் நீங்க இரிக்கக்குள்ள நான் வாய் துறந்தா மரியாதையா இரிக்காது.”

சொல்கிறேன் என்றேன். அவர் ஆலைக்குப் போனார். இதுவரை என்னிடம் அவர் கேட்ட ஒரே உதவி அது.

ஏற்பாட்டாளர் பேரீச்சம்பழப் பெட்டியொன்றுடன் வந்தார். சிங்களவர், பன்னிரண்டு வருடங்கள் வளைகுடாவில் வேலை செய்தவர். நல்ல ஆங்கிலம். போட்டியைப் பற்றி முதலில் ஒரு வார்த்தையும் எடுக்கவில்லை. என் மனைவியைப் பற்றிக் கேட்டார். எத்தனை வருட வாழ்க்கை, எப்படி நோய்ப்பட்டார், கடைசியில் நான் அருகில் இருந்தேனா என்றெல்லாம் கேட்டார். எங்கள் ஊரில் அந்தக் கேள்விகளை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்பதால் எவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நான் பதில் சொன்னேன். நீண்ட நேரம் சொன்னேன் என்று நினைக்கிறேன். மகள் சோறு வைத்தாள். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்: இன்னும் ஐந்து கிழமையில் போட்டியை வைக்கலாமா?

“இன்ஷா அல்லாஹ்” என்றேன். “பாப்பம்” என்று ஆங்கிலத்தில் சேர்த்தேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் எதற்கோ காத்திருந்தேன். திரைக்கு உள்ளே மகள் கோப்பைகளைக் கழுவும் சத்தம் கேட்டது. சில கணங்கள் சென்றபின்தான், யாருடைய குரலுக்காகக் காத்திருக்கிறேன் என்பது எனக்கே விளங்கியது. அதற்குள் அவர் எழுந்து என் கையை இரு கைகளாலும் பிடித்திருந்தார். அவர் வாகனம் போன பின்னும் நான் மறுத்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். மாலையில் மருமகன் கேட்டபோது, “சொல்லிட்டன்” என்றேன்.

நான்காம் நாள் மகள் கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டினாள். மருமகனின் படமும் தெற்கத்திச் சாம்பியனின் படமும் நேருக்கு நேர். கீழே மண்டபத்தின் பெயர்.

“வாப்பா, நீங்க ஓம் எண்டா சொன்னீங்க?”

“நான் ஓம் எண்டு சொல்லல்ல.”

“அப்ப இல்ல எண்டு சொன்னீங்களா?”

ஏற்பாட்டாளரை அழைத்தேன். நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: “ஐயா, நீங்கள் இறைவனின் பெயரைச் சொல்லித் தந்த வாக்கு அது. முஸ்லிம் ஒருவர் அப்படிச் சொன்னால் மாற மாட்டார் என்று நம்பித்தான் மண்டபத்துக்குச் சொன்னேன். இப்போது உங்கள் ஆள் விலகினால், பயந்துவிட்டான் என்று மற்றவன் சொல்வான். நாடே பார்க்கும். அதை நான் எப்படி மறுப்பது?”

பன்னிரண்டு வருடங்கள் வளைகுடாவில் இருந்தவருக்கு அந்த வார்த்தை எப்படியெல்லாம் புழங்கும் என்று தெரியாதிருக்க முடியாது. இதை நான் பிற்பாடு யோசித்தேன். அந்த நேரத்தில் யோசித்ததெல்லாம், அது வாக்கு அல்ல என்று சொல்வதானால் எதைச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதுதான். வந்தவரை அனுப்பிவிடுவதற்கு அல்லாஹ்வின் நாட்டத்தை ஒரு கதவுபோல் சாத்தினேன் என்று சொல்ல வேண்டும். பிற மதத்தவர் ஒருவரிடம், அதுவும் ஆங்கிலத்தில். என் வாய் அதற்கு வரவில்லை. மருமகனுடன் கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

மருமகன் ஆலையிலிருந்து வந்தபோது எல்லாம் அறிந்திருந்தார். கூலியாட்கள் காட்டியிருந்தார்கள். நான் தொடங்குமுன் அவரே சொன்னார்:

“மாமா ஓம் எண்டுட்டீங்க எண்டா, அதில ஒரு காரணம் இரிக்கும். நான் போறன்.”

சப்பாத்தைக் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார். உள்ளூர அவரும் இதை விரும்பியிருக்கிறார் போலும் என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். நான் விரும்புகிறேன் என்று அவர் எண்ணினார். ஒரே கூரையின் கீழ், ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்தபடி, இருவரும் ஒருவரையொருவர் கேட்கவில்லை. வாக்கு என்று நான் கருதாத ஒன்றை, என் வாக்கு என்பதற்காகவே அவர் காப்பாற்றப் புறப்பட்டார்.

போட்டிக்கு ஆறு நாட்கள் இருக்கும்போது தெற்கத்திச் சாம்பியனின் கை பயிற்சியில் முறிந்தது. பழக்குநர் அவசரமாக வந்தார். “சேர், இது நல்ல சாட்டு. தள்ளிப் போடச் சொல்லுங்க” என்றார். நான் ஏற்பாட்டாளரை அழைக்கக் கைப்பேசியை எடுத்தேன். அவர் முந்திக்கொண்டு அழைத்தார். மாற்று ஆள் கிடைத்துவிட்டான் என்றார். நீர்கொழும்புப் பக்கத்து லொறிச் சாரதி. நாற்பதை எட்டப்போகிறவன், வென்ற சண்டைகளைவிடத் தோற்றவை அதிகம். “உங்கள் வேலையைச் சுலபமாக்கியிருக்கிறேன், ஐயா.” நான் நன்றி சொன்னேன்.

ஊரில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆலைத் தோழர்கள் வாசலில் நின்று அவரைக் கேலி செய்தார்கள்.

“மச்சான், போகக்குள்ள கடையில புரியாணிக்குச் சொல்லிட்டுப் போ. ஆற முன்னம் வந்து தின்னலாம்.”

“அந்தாளுக்கும் ஒரு பார்சல் கட்டச் சொல்லு. பாவம், தூரத்து ஆள்.”

மருமகன் சிரித்தார். பழக்குநர் சிரிக்கவில்லை.

அவருடைய சண்டை ஒன்றை நான் நேரில் பார்த்தது அதுவே முதல் தடவை. அதற்கு முன் என் மனைவிதான் வானொலிச் செய்தி கேட்பதுபோலக் குசினியிலிருந்தே எல்லாவற்றையும் எனக்கு அறிவிப்பார். மண்டபத்தில் சத்தமும் விளக்கும் தாங்க முடியாதிருந்தன. சாரதி தொந்தியுடன் மேடையேறியபோது சனம் சிரித்தது. முதல் சுற்றில் மருமகன் அவரை மூலைக்குத் தள்ளினார். இரண்டாம் சுற்றிலும் அப்படியே. மூன்றாம் சுற்றின் நடுவில் மருமகனின் வாய் மூச்சுக்காகத் திறந்துகொண்டது. சண்டையைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே அது நன்றாக இல்லை என்று பட்டது. இடைவேளையில் பழக்குநர் அவருடைய கால்களை உருவிவிட்டபடி, “கால அசையுங்க தம்பி. மரம் மாதிரி நிக்காதீங்க” என்று திரும்பத் திரும்பச் சொன்னது எனக்குக் கேட்டது.

சாரதி அவசரப்படவில்லை. பாரம் ஏற்றும் இடத்தில் தன் முறைக்காக நிற்பவர்போலப் பொறுமையாக நின்று, விலாவில் ஒரே இடத்தில் அடித்துக்கொண்டிருந்தார். நான்காம் சுற்றில் மருமகனின் வலக்கை அந்த விலாவைக் காக்கக் கீழே இறங்கியது. அடுத்த அடி தாடையில் விழுந்தது. பெரிய அடியாகத் தெரியவில்லை. அவர் விழுந்தார், எட்டு எண்ணுமுன் எழுந்தார், மறுபடியும் விழுந்தார். நடுவர் கைகளை விரித்து முடித்துவைத்தார். சனம், சற்று முன் யாரைப் பார்த்துச் சிரித்ததோ அவருக்காகவே எழுந்து நின்று ஆரவாரித்தது.

உடை மாற்றும் அறைக்கு முதலில் வந்தவர் அந்தச் சாரதி. விலா நோகிறதா என்று சிங்களத்தில் கேட்டார். தான் வெல்வதாக நினைத்து வரவில்லை என்றார். இரண்டு நாள் லீவுதான் எடுத்ததாம். மறுநாள் ஓடு ஏற்றிக்கொண்டு போக வேண்டுமாம். மருமகனின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவருக்குப் பின் கையில் கட்டுடன் தெற்கத்திச் சாம்பியன் எட்டிப் பார்த்து, மூட்டை அவிழ்ந்துவிட்டது என்று சொல்லிச் சிரித்தான். ஏற்பாட்டாளர் அவனை வெளியே அனுப்பிவிட்டு எங்களிடம் திரும்பினார். அவர் முகத்தில் கவலையேதும் இல்லை. மூன்று மாதத்தில் மறுபோட்டி என்றார். தோற்றவன் திரும்பி வருவதைப் பார்க்கத்தான் சனம் அதிகமாக வருமாம். என்னை நோக்கி, “என்ன சொல்கிறீர்கள் ஐயா?” என்றார். நான், “இன்று வேண்டாம்” என்றேன். இன்று என்ற சொல்லை ஏன் சேர்த்தேன் என்று தெரியவில்லை.

அவர் போன பின், மருமகன் கட்டிலில் இருந்தபடி என் கையைப் பிடித்தார். அதுவரை அவர் என் கையைப் பிடித்ததில்லை.

“உங்கட சொல்ல நான் காப்பாத்தல்ல மாமா. மன்னிச்சுக்கங்க.”

ஒரு மனிதர் தன் வாழ்நாளில் கேட்கக்கூடாத வாக்கியங்கள் சில உண்டு. எனக்கு அது அவற்றில் ஒன்று.

மறுநாள் அதிகாலை சுபஹு தொழுதுவிட்டு வேனில் புறப்பட்டோம். பழக்குநர் முன் ஆசனத்தில் தூங்கிவிட்டார். மகா ஓயாவில் தேநீருக்கு நிறுத்தியபோது மருமகனும் நானும் மட்டும் இறங்கினோம். ஒரு பக்கத் தாடை வீங்கியிருந்ததால் அவர் தேநீரை ஊதி ஊதி மெதுவாகக் குடித்தார். இதற்கு மேல் தள்ளிப்போட்டால் இதைச் சொல்லவே போவதில்லை என்று எனக்குத் தெரிந்தது.

“அந்த மனிசனுக்கு நான் ஓம் எண்டு சொல்லல்ல, மகன். இன்ஷா அல்லாஹ், பாப்பம் எண்டுதான் சொன்னன்.”

அவர் கோப்பையை இறக்கினார்.

“ஏலாது எண்டு சொல்றதுக்குச் சொன்னீங்களா?”

“ஓம்.”

“மறுகா, அவர் படம் போட்டதுக்குப் பிறகு? அப்பவும் வேணாமெண்டுதான் இரிந்தீங்களா?”

“ஓம்.”

“நான் உங்களுக்காகத்தானே மாமா ஏறினன்.”

குரலை உயர்த்தவில்லை. அப்படி உயர்த்தியிருந்தால் நான் எதையாவது சொல்லியிருப்பேன். பாதையில் ஒரு பஸ் நின்று ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் வரை அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமி இரிந்தா ஒரு சொல்லுல முடிஞ்சிரிக்கும்” என்றார்.

உண்மை என்பதால் தலையை மட்டும் அசைத்தேன். அப்போது அவருடைய கைப்பேசி அடித்தது. ஏற்பாட்டாளர். அதுவரை அந்த மனிதரின் அழைப்பு வந்தால் கைப்பேசியை என்னிடம் நீட்டுவதே அவர் வழக்கம். என் கை தானாகவே சற்று முன்னால் போனது. அவர் அதைக் கவனித்தார் என்றுதான் நினைக்கிறேன். எழுந்து இரண்டடி தள்ளி நின்று, காதில் வைத்து, மறுமுனையில் கதைத்ததை முழுதும் கேட்டார்.

“பே மாத்தயா” என்றார். ஏலாது ஐயா. மூட்டை இறக்குமிடத்தில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கக்கூடிய சிங்களம். மறுமுனை விடவில்லை. இன்னொரு தடவை, அதே தொனியில், “பே.” கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“போவமா மாமா?”

வேனில் ஏறும்போது என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

அவருடைய மரியாதையில் எந்தக் குறைவும் இல்லை. நான் அறைக்குள் வந்தால் இப்போதும் எழுந்து நிற்கிறார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்கு மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போகிறார். விலா ஆறியதும் கடற்கரையில் ஓடத் தொடங்கினார். இனிச் சண்டை பிடிப்பாரா என்று நான் கேட்கவில்லை. யாராவது கேட்டு வந்தால் வாசலில் அவரே நின்று கதைத்து அனுப்புகிறார். நான் உள்ளே மேசையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

சென்ற மாதம் கொழும்பிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்திருந்தது. உறையின் மூலையில் ஏற்பாட்டாளரின் முத்திரையைப் பார்த்து, அதை மருமகனின் தலையணைக்கு அருகில் நானே வைத்தேன். மாலையில் என்னிடம் கொண்டுவருவார் என்று கண்ணாடியைத் துடைத்து வைத்திருந்தேன். அவர் ஆலையிலிருந்து வந்து, குளித்து, கடிதத்தை எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் எங்கோ போனார். எங்கே போகிறார் என்று மகளிடம் கேட்டேன்.

“காரைதீவுக்கு வாப்பா. மாஸ்டர்ட்டக் குடுத்து வாசிச்சிக்கிட்டு வாறாராம்.”

சரி என்றேன். அந்த உடற்கல்வி ஆசிரியரின் ஆங்கிலம் சுமாரானது. ஆனால் அதில் இருப்பதை இருப்பதாகச் சொல்வார்.